தொலைபேசியில் வந்த ‘ஆனா’

ஹட்டனில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று வருடம் இருந்துவிட்டு, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சை நன்றாகவே போனது. “திங்கட்கிழமை வந்திருங்க தங்கச்சி” என்றார்கள். சனிக்கிழமை மாலை, வர வேண்டாம் என்று அழைப்பு வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. என் பழைய மேலாளரிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர், “நல்ல புள்ளதான், ஆனா…” என்று இழுத்து, “அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது” என்று போனை வைத்துவிட்டாராம்.

நடந்தது இதுதான். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று சம்பளத்தில் 8 வீதம் மாதாமாதம் பிடித்தார்கள். அதுவும் அவர்கள் போட வேண்டிய 12 வீதமும் ஆறு மாதமாகக் கணக்கில் விழவில்லை. ஏன் என்று கேட்டேன். அவ்வளவுதான். ஹோட்டல்காரர்கள் களவு என்றே நினைத்திருப்பார்கள். கணக்குப் பிரிவில் இருந்தவள் வேறு.

இன்று, எங்களிடமிருந்து விலகியவர்களைப் பற்றி அப்படி விசாரிக்கும் அழைப்புகள் என் மேசைக்கு வருகின்றன, பெரும்பாலும் கொழும்பிலிருந்து. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, செய்த வேலை. விசாரணை நடந்து களவு நிரூபணமாகியிருந்தால் அதையும் சொல்வேன்; மறைப்பது அடுத்த இடத்துக்குச் செய்யும் துரோகம். பகையில் பொய் சொன்னால் மானநஷ்ட வழக்கு வரலாம். 2002 இல் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்துதான் நீக்கப்பட்டது, நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு இன்னும் இருக்கிறது. சம்பளத்தை, விலகியவரே எழுத்தில் சம்மதித்தால்தான் சொல்வேன். மெடிக்கல் லீவு பற்றி வாயே திறக்க மாட்டேன். 2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரங்களுக்குக் கூடுதல் காப்புக் கொடுத்திருக்கிறது.

எங்கள் மலையகத்துக்கு இந்த வலி பழையது. தொழிலாளரின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல், பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது. 1921 இல் சட்டம் அதை ஒழித்தது. அந்த மேலாளரின் ‘ஆனா’வை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். “ஏதும் பிரச்சினையா போனாங்க?” லீவு விஷயத்தில் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவள்தான். கோப்பில் அவளுடைய விலகல் கடிதம் இருந்தது, ஒரு மாத முன்னறிவித்தலோடு. அதைச் சொன்னேன். “இரண்டு வருஷம் காசு கையாண்டாங்க, ஒரு ரூபா குறையல” என்றும் சொன்னேன். அப்புறம் அவளுக்கே போன் எடுத்து, யார் கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரி மிஸ்” என்றாள்.