வேல்ஸ் பக்கம் போனா பெம்ப்ரோக்‌ஷயரை விட்டுடாதீங்க

யுகே வர்றவங்க எல்லாம் லண்டன், எடின்பரோன்னு சுத்திட்டுக் கெளம்பிடறாங்க, வேல்ஸோட தென்மேற்கு மூலைல பெம்ப்ரோக்‌ஷயர்னு ஒரு கடற்கரை இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியல. 1952லயே நேஷனல் பார்க் ஆக்கிட்டாங்க. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, கீழ பச்சையும் நீலமுமா கடல், இன்னொரு பக்கம் ஆடு மேயற புல்வெளி, நடுவுல ஒத்தையடிப் பாதை, மே மாசம்னா பாதையோரம் பூரா பிங்க் கலர்ல த்ரிஃப்ட் பூ... காத்து மட்டும் ஆளையே தள்ளும், குடையெல்லாம் வேஸ்ட், ரெயின்கோட் தான். 2012ல வேல்ஸ் கடற்கரை நெடுக 870 மைலுக்குத் தொறந்தாங்களே நடைபாதை, அதுல ஒரு துண்டு தான் இந்தப் பாதை.

ஆனா என் ஓட்டு ஸ்கோமர் தீவுக்குத் தான்! மார்ட்டின்ஸ் ஹேவன்ல போட் ஏறணும். தீவுல பஃபின் பறவைங்க மண்ணுக்குள்ள வளைல குஞ்சு பொரிச்சிட்டு, வாய் நெறைய மீனைக் கவ்விக்கிட்டு நம்ம காலுக்குப் பக்கத்துலயே குடுகுடுன்னு ஓடும், பயமே கிடையாது. ஜூலை கடைசியோட எல்லாம் கடலுக்குப் போயிடும், ஆகஸ்ட் கடைசில போய்ட்டு ஒண்ணையும் காணோம்னு என்னைத் திட்டாதீங்க.

டென்பிங்கற கடலோர ஊரும் அழகு தான், கலர் கலரா வீடு, ஆனா சம்மர்ல செம கூட்டம். அமைதி வேணும்னா பாராஃபண்டில் பே போங்க, பீச் வரைக்கும் கார் போகாது, ஸ்டாக்போல் கீ (Quay)ங்கற சின்னப் படகுத்துறைல காரை விட்டுட்டு அரை மைல் நடக்கணும், கடையும் இல்ல, சாப்பாடு கட்டிட்டுப் போயிடுங்க.