மைனரின் பின் அக்ஸில்: முறிந்த ஹாஃப் ஷாஃப்ட் மாற்றிய வேலை

கியர் விழுகிறது, கிளட்ச் பிடிக்கிறது, ஸ்பீடோ முள்கூட மேலே ஏறுகிறது, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எங்கள் மொரிஸ் மைனர் 1000 யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் இப்படித்தான் நின்றது. ஸ்பீடோ கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து பின் அக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) சுற்றினாலே முள் ஏறும். அந்தச் சுற்றை இரண்டு பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷல்; அதிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் போகும் தண்டு ஹாஃப் ஷாஃப்ட். ஒரு பக்க ஹாஃப் ஷாஃப்ட் முறிந்துவிட்டால் டிஃபரன்ஷல் சுற்று முழுவதையும் அந்தப் பக்கத்துக்கே கொடுத்துவிடும். நல்ல பக்கத்துச் சில்லு சும்மா நிற்கும்.

கயிறு கட்டி மெதுவாக வீட்டுக்கு இழுத்து வந்தோம். சில்லு கழன்று போகவில்லை, பிறேக்கும் பிடித்தது. மைனரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சில்லைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங், ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள அக்ஸில் உறையின் வெளிப்புறத்தில் இருக்கிறது. ஹப்பைப் பிடித்திருப்பது உறையின் நுனியில் இறுக்கிய பெரிய நட். காரின் பாரம் உறையில்தான் இறங்குகிறது. ஹாஃப் ஷாஃப்ட்டின் வேலை சில்லைச் சுற்றுவதும், வளைவில் ஹப் சாயாமல் பிடித்துக்கொள்வதும். இந்த வகையைத் த்ரீ-குவார்ட்டர் ஃப்ளோட்டிங் என்பார்கள்.

நண்பர் ஒருவரின் ட்ரயம்ஃப் ஹெரால்டில் கதை வேறு. அதில் ஷாஃப்ட்டின் நுனி கூம்பாக இருக்கும். அதில் ஹப்பை ஏற்றி, சாவி எனப்படும் சிறு இரும்புக் கட்டை ஒன்றைச் செருகி, நட் போட்டு இறுக்குவார்கள். பாரமும் ஷாஃப்ட்டில்தான். நட் கொஞ்சம் தளர்ந்தாலே கூம்பில் ஹப் அசைந்து, சாவி வெட்டின் மூலையில் வெடிப்புத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் முறிந்தால் சில்லு ட்ரம்மோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஃபோர்ட் எஸ்கோர்ட்டில் பேரிங்கை ஷாஃப்ட்டிலேயே அழுத்தி ஏற்றி, பின்னால் ஓர் இரும்பு வளையத்தை இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள். அந்த வளையம் நழுவினால் ஷாஃப்ட்டே முழுதாக வெளியே வரும். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ற், துரு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், பின் சில்லை எது பிடித்திருக்கிறது என்று கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றினேன். ட்ரம்மைப் பிடித்திருந்த ஸ்குரூக்கள் துருவில் இறுகியிருந்தன. இம்பாக்ட் ட்ரைவரால் நாலு தட்டுத் தட்டியதும் இளகின. ட்ரம் வந்தபின் ஷாஃப்ட்டின் வெளி நுனியிலுள்ள வட்டத் தட்டான ஃபிளாஞ்சை இழுத்தால் ஷாஃப்ட் கையோடு வருகிறது, உள் நுனி இல்லாமல்.

முறிந்த முகத்தைப் பெற்றோலில் கழுவி, வெயிலில் வைத்து வடிவாகப் பார்த்தேன். ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் உள் நுனியில் டிஃபரன்ஷலோடு கோக்கும் நீள வரிப்பற்கள்) முடிகிற இடத்தில்தான் முறிவு. ஓரத்திலிருந்து உள்ளே போகும் பகுதி மங்கி, வழவழப்பாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள்போல வரிவரியாக இருந்தது. நடுப்பகுதி மட்டும் புதிதாக, மணல்மணலாக மின்னியது. அதாவது வெடிப்பு நெடுநாளாக ஒவ்வொரு முடுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. மிச்சமிருந்த நடுப்பகுதிதான் அன்று விட்டுப்போனது. ஒரே அடியில் முறிந்திருந்தால் இந்த வரிகள் இருக்காது.

உள்ளே மாட்டிய துண்டைக் காந்தத்தால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. மறுபக்கத்திலிருந்து கம்பி விட்டுத் தள்ளவும் முடியாது, டிஃபரன்ஷலின் நடுவே குறுக்குக் கம்பி நிற்கிறது. எண்ணெயை இறக்கி, மறுபக்க ஷாஃப்ட்டையும் உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு அடையாளம் போட்டுக் கழற்றி, டிஃபரன்ஷலையே முன்பக்கமாக வெளியே எடுத்தேன். பாரமான வேலைதான், ஆனாலும் எடுத்தது நல்லது: உறையின் அடியில் பொடி இரும்புத் துணுக்குகள் கிடந்தன. அவை டிஃபரன்ஷலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் பல்லுக்குள் போயிருந்தால் செலவு பல மடங்கு ஆகியிருக்கும்.

மறுபக்க ஷாஃப்ட்டின் ஸ்பிளைன்களைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோடுகள் நேராக ஓடின, முறுக்கு இல்லை. இலேசாக வளைந்திருந்தால்கூட அதைத் திரும்பப் போட்டிருக்க மாட்டேன்.

மாற்று ஷாஃப்ட்டைப் பூட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேரிங்கின் வெளி வளையம், பேப்பர் கேஸ்கெட் போட்டபின், ஹப்பின் முகத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 1 முதல் 4 பங்கு வரை துருத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்ச் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும். துருத்தல் இல்லாவிட்டால் ஹப் ஆடும், ஷாஃப்ட் நாள் முழுக்க நெளியும், பிறகு அதுவும் முறியும். நேர்க்கோலை வைத்து ஃபீலர் கேஜால் அளந்தேன், 2 வந்தது. புதிய ஒயில் சீல், ஓ-ரிங், கேஸ்கெட் போட்டு, 90 கிரேட் ஹைபோயிட் எண்ணெயை நிரப்பும் துளை மட்டம்வரை விட்டேன்.

கோப்பாய்வரை ஓட்டிப் பார்த்தாயிற்று. சத்தமில்லை, ட்ரம்மில் எண்ணெய்க் கசிவும் இல்லை. அடுத்தது இடப்பக்க ஹப். அந்தப் பக்க நட்டுக்கு இடது புரி, எனவே எதிர்த் திசையில் கழற்ற வேண்டும். சீல் வந்ததும் தொடங்குவேன்.