கட்டுநாயக்க – ஹீத்ரோ: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ போகும் குளிர்கால டிக்கெட்டில் புறப்பாடு பிற்பகல் 1.00, இறங்குவது மாலை 6.30 என்றிருந்தால் பயணம் ஐந்தரை மணித்தியாலம் இல்லை, பதினொன்று. அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரத்தைத்தான் போடுவார்கள். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். கூட்டிப்போக வருகிற ஆக்கள் அந்த வாரங்களில்தான் குழம்புவது.

நேர்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். மணிக்கு 900 என்று வகுத்தால் பத்து மணித்தியாலத்துக்குள் வரும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அட்டவணை நேரத்துக்குள் அடக்கம். போர் நடக்கும் வான்பரப்பைச் சுற்றினால் தூரமும் கூடும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் எடுப்பதற்கு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றுத்தான் பெரிய காரணம்: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் வருகை பெரும்பாலும் அரை மணியாவது குறையும்.

திருகோணமலையிலிருந்து கணக்குப் பார்ப்பவர்கள் விமான நிலையம் வரையான வான் (van) ஓட்டத்தை மறக்க வேண்டாம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 250 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம் வையுங்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். ஆக, 1 மணி விமானத்துக்கு விடிய 4 மணிக்கே வெளிக்கிட வேண்டும். மழைக்காலம் என்றால் 3.