ஹாஸ்டல் முகவரியில் வாக்காளர் ஆனேன்

நான் பிறந்தது 2005 ஜனவரி 12. பழைய விதி என்றால் ஜனவரி 1 அன்று 18 வயது முடிந்திருக்க வேண்டும். பதினோரு நாள் பிந்தியதற்கு ஒரு வருடம் காத்திருந்திருப்பேன். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நான்கின் முதல் தேதியும் கணக்கு. 17 முடிந்ததுமே விண்ணப்பித்து வைக்கலாம். இவ்வளவு இருந்தும் நான் அசைந்தது 2023 நவம்பரில்தான். சோம்பல், வேறென்ன.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். படித்தது சென்னையில் பி.எஸ்சி., ஹாஸ்டல் வாசம். "இங்கயே பதிஞ்சிடுப்பா, ஆதார்லயும் இந்த அட்ரஸ்தானே" என்றார் அப்பா. சுலபமான வழி அதுதான். ஆனால் ஒரு ஓட்டுக்காக அறுநூறு கிலோமீட்டர் போய்வர நான் தயாராக இல்லை. ஹாஸ்டல் மாணவர்கள் சொந்த ஊரிலோ படிக்கும் இடத்திலோ பதியலாம்; இரண்டில் ஒன்றுதான். பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று, புது வாக்காளருக்கான விண்ணப்பமான படிவம் 6-லேயே எச்சரிக்கை இருக்கிறது.

வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்பில் படிவம் நிரப்ப இருபது நிமிடம். வயதுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் பக்கத்திலேயே தமிழில் தானாக வரும். என் பெயரைச் சரிபார்த்தேன், அப்பா பெயரைப் பார்க்காமல் விட்டேன். இதற்குப் பின்னால் வருகிறேன்.

சிக்கல் முகவரியில். ஹாஸ்டல்காரனிடம் ஏது கரண்ட் பில்? அதற்குப் பதில், 'இவர் எங்கள் மாணவர், இந்த விடுதியில் தங்கியிருக்கிறார்' என்று கல்லூரி முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுப் படிப்பாகவும் இருக்க வேண்டும். ஆபீஸில் கேட்டால், "பஸ் பாஸுக்கா, ஸ்காலர்ஷிப்புக்கா?" ஓட்டுக்கு என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கொடுத்த போனஃபைடு சான்றிதழில் ஹாஸ்டல் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த உறுதிமொழிப் படிவத்தை நானே பிரிண்ட் எடுத்துப் போய் நின்றபிறகுதான், மூன்றாம் நாள், சீல் விழுந்தது.

அப்லோட் செய்து இரண்டு வாரம். லேபில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்பு. லோன் கொடுக்கிறவர்கள் என்று நினைத்து எடுக்கவில்லை. நான்காவதை எடுத்தேன்.

"தம்பி, பி.எல்.ஓ. பேசறேன். உங்க ஹாஸ்டல் கேட்ல நிக்கறேன், வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கறாரு."

ஓடினேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற அக்கா. அதோடு பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், பொறுப்பும். வெயிலில் நின்றபடியே ஐ.டி. கார்டைப் பார்த்தார், ரூம் நம்பர் கேட்டார், கையெழுத்து வாங்கினார். ஐந்து நிமிட வேலை. "போன வருஷமும் இப்படித்தான். ஆளையே பார்க்க முடியலைன்னா நான் என்னன்னு எழுதறது?" என்றார். என் நண்பர்கள் சிலருடையது நிராகரிக்கப்பட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. விண்ணப்பித்த பிறகு ஒரு மாதத்துக்குத் தெரியாத நம்பர் எல்லாவற்றையும் எடுங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள்.

பிப்ரவரியில் அட்டை தபாலில் வந்தது. தந்தை பெயர்: 'பலனி'. போனில் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. "அம்பது வருஷமா நான் பழனி. ஓட்டுப் போடவாவது விடுவாங்களா?" விட்டார்கள். இந்த மாதிரி எழுத்துப்பிழைக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ரூம்மேட் இரண்டு பேர் முந்தின ராத்திரியே பஸ்ஸில் நின்றபடி ஊருக்குப் போனார்கள். நான் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நடக்கிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

2025-இல் படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் படிவம் 8. முகவரி மாற்றத்துக்கு ஒன்று, அது முடிந்தபின் பெயர்த் திருத்தத்துக்கு இன்னொன்று. இங்கே கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை, பி.எல்.ஓ. வந்து திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். திருத்தப் படிவத்தை அனுப்பும் முன் அப்பா போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த 'ழ'வைத் தானே பார்த்தார்.