கழுத்தில் இருந்தது அழுக்கில்லை

தீபாவளியன்று காலை, எண்ணெய்க் குளியல் நேரம். அக்கா தன் மகளை முக்காலியில் உட்கார வைத்து, கழுத்தின் பின்புறத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வயது 16. "எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்குது. இவ குளிக்கிறாளா இல்லையான்னே தெரியல" என்றார். பிள்ளை குனிந்தபடி அழுதது. தோல் கன்றிப்போயிருந்தது.

அதே வயதில் எனக்கும் அதே இடத்தில் அந்தக் கறுப்பு இருந்தது. அம்மா கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பார். அது அழுக்கில்லை என்று எனக்குத் தெரிய இன்னும் 13 வருடம் பிடித்தது. இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்தில் இருந்தோம். இப்போது டவுன் பக்கம் தாமான் குடியிருப்பில் வீடு. நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 2018-இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது 26. மாதவிலக்கு அப்போதும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உனக்கு அந்தத் தொல்லை கம்மி, கொடுத்து வச்சவ" என்று சொன்ன அத்தைமார்கூட உண்டு. 21 முதல் 35 நாளுக்குள் ஒரு சுற்று வர வேண்டும், மாதக்கணக்கில் தள்ளிப்போனால் கருமுட்டை ஒழுங்காக வெளிவரவில்லை என்று அர்த்தம் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வருடம் கோயில், விரதம், வேண்டுதல். அதில் எனக்கு வருத்தம் இல்லை, மனத்துக்குத் தெம்பாக இருந்தது. வருத்தமெல்லாம் அந்தப் பொடியில்தான். ஹார்மோனைச் சமப்படுத்தும் என்று சொல்லி ஒருவர் விற்றார், ஒரு டப்பா 180 வெள்ளி (ரிங்கிட்). மூன்று டப்பா வாங்கினேன். அதில் என்ன இருக்கிறது என்றும் எழுதியிருக்கவில்லை. 540 வெள்ளியோடு ஐந்து மாதமும் போனது. பணத்தைவிட அந்த ஐந்து மாதம்தான் இன்றும் உறுத்துகிறது.

2021-இல் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) என் கழுத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?" அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் திறந்தது. எடை 78 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்கள் சரியாக இருந்தன. மூன்று மாதச் சராசரி சர்க்கரை காட்டும் எச்.பி.ஏ.1.சி. மட்டும் 6.0, சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. அப்புறம் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் சினைப்பைகளில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் மணி கோத்ததுபோல் தெரிந்தன. பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) என்றார் டாக்டர்.

அதற்கு மூன்று அடையாளங்கள் பார்ப்பார்களாம். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முடி, பரு, அல்லது இரத்தத்தில்), ஸ்கேனில் தெரியும் சினைப்பை. வேறு நோய் இல்லை என்று பார்த்த பிறகு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும். பெயரில் நீர்க்கட்டி இருந்தாலும் அவை கட்டிகள் அல்ல, வளராமல் பாதியில் நின்ற முட்டைப்பைகள். "கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா என்ன?" என்று அத்தை கேட்டபோது நான் இதைத்தான் விளக்கினேன்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது இன்சுலின் கதைதான். உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காவிட்டால், கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின் தோலைத் தடிக்க வைத்துக் கறுப்பாக்குகிறது, கழுத்திலும் அக்குளிலும். அதே இன்சுலின் சினைப்பைக்குப் போய் ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதனால் முட்டை முதிராமல் நிற்கிறது. அம்மா தேய்த்த கறுப்பும் எனக்குப் பிள்ளை நிற்காததும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிளினிக் வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும் என்றார்கள். எனக்கு அது 4 முதல் 8 கிலோ. "ஒல்லியாக வேண்டாம், 6 கிலோ போதும்" என்ற சொல் எனக்குப் பெரிய விடுதலை. அதற்கு முன் ஒரு தனியார் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "முதலில் உடம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பியிருந்தார். எவ்வளவு, எப்படி என்று சொல்லாத அறிவுரை ஆளை வீட்டுக்குள் முடக்கத்தான் செய்யும்.

டயட்டீஷியன் ஒரு மலாய்க்காரப் பெண். என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வாரம் எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. காலையில் டின் பால் போட்ட தேத்தண்ணி, பத்து மணிக்கு இன்னொன்று, இரவு ஷிப்டில் மைலோ இரண்டு. அந்த டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். பாட்டியும் இதே தேத்தண்ணியைத்தான் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போகுமுன் குடித்தார். ஆனால் அதன்பிறகு மேடும் பள்ளமும் ஏறி நூற்றுக்கணக்கான ரப்பர் மரம் சீவிவிட்டு வந்தார். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் நானும் அதே அளவு குடித்தேன். எங்கள் குடும்பங்களில் சர்க்கரை இப்படிப் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள், 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய்.

அவர் எதையும் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. தட்டைக் காட்டி, "சுக்கு, சுக்கு, செப்பாரு" என்றார். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். எனக்கு வழக்கம் முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் கறி. மாற்றினேன். கெம்போங் மீன் குழம்பு அப்படியே இருந்தது, தேங்காய்ப்பால் குறைந்தது. தோசை மூன்று இரண்டானது, கூட அவித்த முட்டை ஒன்று. கங்கோங் கீரை, முருங்கைக்கீரை, சோயா தெம்பே இவை தினமும். இரவுச் சந்தையில் பொரித்த கோழிக்குப் பதில் சோயா தவ்ஹு வாங்கினேன். தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடிக்கப் பழக ஒரு மாதம் ஆனது, முதல் வாரம் தலைவலி. வேலை முடிந்து சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தேன். கீட்டோ, பால் இல்லாத உணவு, கோதுமை இல்லாத உணவு என்று பலரும் பலதைச் சொன்னார்கள். ஆனால் 2023-இல் வந்த பி.சி.ஓ.எஸ். பன்னாட்டு வழிகாட்டி, இன்ன உணவுமுறைதான் மற்றதைவிடச் சிறந்தது என்று காட்டச் சான்று இல்லை என்கிறது. நம்மால் தொடர்ந்து சாப்பிட முடிவதுதான் கணக்கு. எட்டு மாதத்தில் 78 கிலோ 72 ஆனது. மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும் அடங்கியது. ஆறாவது மாதத்திலிருந்து விலக்கு 38, 40 நாளுக்கு ஒருமுறை தானாக வந்தது.

வீட்டுக்காரரையும் பரிசோதிக்கச் சொன்னபோது எங்கள் வீட்டில் பெரிய மௌனம். அத்தைக்குக் கோபம். "என் புள்ளைக்கு என்ன குறை?" வீட்டுக்காரர் தானாகவே எழுந்து, "ரெண்டு பேருக்கும்தானே புள்ள, நான் வரேன்" என்றார். அந்த நாளை நான் மறக்க மாட்டேன். விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.1 கோடி, உலகச் சுகாதார நிறுவனம் குறிக்கும் கீழ் அளவு 1.6 கோடி. விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும், அதனால் இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார்கள். விட்டார். மறு பரிசோதனையில் 1.9 கோடி.

அப்புறம் லெட்ரோசோல் மாத்திரை, ஐந்து நாள். ஈஸ்ட்ரோஜன் சுரப்பைச் சில நாள் அடக்கிவைக்கும். மூளை அதைக் கவனித்து முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. மூன்றாம் சுற்றில் எனக்குக் கரு நின்றது.

ஃபோலிக் அமிலத்தை அதற்கு முன்பே தொடங்கச் சொல்லியிருந்தார்கள், 5 மில்லிகிராம். கரு உண்டான 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடும். விலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு, கர்ப்பம் என்று தெரியும்போதே அந்த நாள் கடந்திருக்கும். குழந்தைக்கு முயலும்போதே கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

26-ஆவது வாரம் எம்.ஜி.டி.டி. என்ற சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 8.9 மில்லிமோல். அளவு 7.8-க்குள் இருக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை. அன்று நிறைய அழுதேன், இவ்வளவும் செய்தும் இப்படியா என்று. மிஸ்ஸி என் பிங்க் நிறக் கர்ப்பகாலப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே விளக்கினார்: தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும், இன்சுலின் போகாது. பிள்ளையே தன் கணையத்தில் இன்சுலின் சுரந்து சமாளிக்கும், அதனால் பெரிதாக வளரும், பிறந்த கையோடு அதற்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். "நீங்க ஏற்கெனவே பாதி வேலை செஞ்சிட்டீங்க" என்றார். உண்மைதான், தட்டு மாறியிருந்ததால் இன்சுலின் ஊசி இல்லாமலேயே ஓட்டினேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் 10.2, இருக்க வேண்டியது 11. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டுக்கொண்டிருந்தேன். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையைக் கொய்யாப்பழத்தோடு மாற்றியதும் ஏறியது.

2023 தொடக்கத்தில் மகள் பிறந்தாள், 3.1 கிலோ. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டும் பார்த்தார்கள். தைராய்டு குறைவோடு பிறக்கும் பிள்ளைக்கு உடனே மருந்து தராவிட்டால் மூளை வளர்ச்சியே தடைபடும், தந்தால் மற்றப் பிள்ளைகளைப்போலவே வளரும். அந்த முடிவு சரி என்று வந்ததும்தான் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேனை வைக்கத் தேன் எடுத்து வந்தார் அத்தை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலிருந்து பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். "அத்தை, தாய்ப்பாலையே உங்க கையால நாக்குல வைங்க" என்றேன். சம்மதித்தார். பால் ஊற நான்கு நாள் ஆனது. சர்க்கரை இருந்த தாய்மாருக்குத் தாமதம் ஆகுமாம். அந்த நாள்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி டின் பாலைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார், அவர் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தாராம். அன்றே அது சரியில்லை என்று சொன்னவர் இருந்திருக்கிறார். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்பவர், குழந்தைக்கு உகந்தது என்று டின் பால் விற்பது கொலைக்குச் சமம் என்று ரோட்டரி சங்கத்தில் எழுந்து பேசினார். தோட்டங்களில் எத்தனை பாட்டிமாருக்கு அந்தச் சேதி எட்டியிருக்கும்?

ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சியில் மீன், முட்டை மஞ்சள், மசித்த கோழி ஈரல். இரும்பு குறைந்தால் பிள்ளையின் கவனமும் கற்றலும் பாதிக்கும் என்பதால் அதில் நான் கறார். இரண்டு வயது வரை சீனித் தண்ணீர் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டாம் பிறந்தநாள் பரிசோதனையில் எடை, உயரம் எல்லாம் கோட்டுக்குள் இருந்தன. "அப்பா லோரி" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசினாள்.

தீபாவளி அன்று மாலையே அக்காவைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். பிள்ளைக்கு நான்கு மாதமாக விலக்கு வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்கா பயந்துபோனார். வயசுப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்க மாட்டார்கள், ஆனால் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னேன். கர்ப்பகாலச் சர்க்கரை வந்ததால் நானும் வருடம் தோறும் சோதிக்க வேண்டும். அடுத்த செவ்வாய் காலை, வெறும் வயிற்றோடு, அக்கா மகளையும் அழைத்துக்கொண்டு ஏழரைக்கெல்லாம் நம்பர் எடுக்கப் போகிறேன்.