கோணேசர் மலையில் ஒரு நாத்திகன்: ஓட்டோக் காசு 1000 ரூபாய்

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் ஓட்டோக்காரரிலிருந்தே தொடங்குகிறேன். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கோணேசர் கோயில் எப்படிப் பார்த்தாலும் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். மனிதர் 1200 ரூபாய் கேட்டார். "கோயில் காரியத்துக்குப் பேரம் பேசக் கூடாது தம்பி." எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை அண்ணை என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஆயிரம் தாங்கோ" என்றார். நாத்திகத்துக்குக் கழிவு கிடைத்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. கோட்டை வாசலைத் தாண்டும்போது திரும்பிக் கேட்டார்: "நம்பிக்கை இல்லாட்டி என்னத்துக்குப் போறியள்?"

பதில் வரவில்லை. வவுனியாவிலிருந்து மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வந்த களைப்பு. "உள்ளுக்குப் போங்கோ, இடமிருக்கு" என்று நடத்துனர் வழியெல்லாம் ஆட்களை ஏற்றினார். அந்த இடம் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. சோத்துப் பார்சலைக்கூட பஸ் நின்ற இடத்தில் நின்றபடியே தின்றேன்.

நின்று உண்டதும் சம்பந்தர் ஞாபகம் வந்தார். 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய கோணமலைப் பதிகத்தின் பத்தாம் பாட்டு, நின்று உண்ணும் சமணரும் இருந்து உண்ணும் தேரரும் (பௌத்தத் துறவிகள்) நெறியல்லாததைப் புறங்கூறுகிறார்கள் என்று ஏசுகிறது. அவருடைய பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் இந்த வசவுக்கே ஒதுக்கப்பட்டது. தமிழ் அழகு, வசவு அழகில்லை. ஆனால் ஒன்று, மாற்றுக் கருத்துக்காரர்கள் ஊருக்குள் பலமாக இருந்திருக்காவிட்டால் பாட்டுக்குப் பாட்டு ஏச வேண்டி வந்திருக்குமா?

கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்கு அப்பால் எதையும் ஏற்காத பழைய நாத்திகர்களான உலகாயதரின் கதை இன்னும் மோசம். அவர்களுடைய நூல்கள் அழிந்துவிட்டன, எதிராளிகள் மறுப்பதற்காக எடுத்து எழுதியதை வைத்துத்தான் அவர்களை அறிகிறோம். மணிமேகலையில் பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்துப் புளிக்க வைத்தால் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டதுதான் உண்மை என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தகப்பன் யாரென்று அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். நல்ல அடிதான். என்றாலும் அந்தக் கள்ளு உவமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, மலைக்கு வருகிறேன். கோட்டைக்குள் மான்கள் ஆட்டுக்குட்டி போலத் திரிகின்றன, ஒன்று என் பையிலிருந்த பனிஸை இழுக்கப் பார்த்தது. மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் ஒரு மரம், அதில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். கீழே சுத்த நீலத்தில் கடல். அங்கே நின்றபோது மேலோஸ் தீவுக்காரன் தியாகோரஸ் வந்து பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது. கிரேக்கன், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. புயலில் நேர்ந்துகொண்டு பிழைத்தவர்கள் கோயிலில் வைத்த படங்களைக் காட்டி, இதைப் பார்த்துமா தெய்வம் இல்லை என்கிறாய் என்று நண்பன் கேட்டானாம். மூழ்கிப் போனவர்களின் படங்களை யாரும் வைப்பதில்லையே என்றானாம் இவன். ரோமாபுரி சிசரோ எழுதிவைத்த கதை. ஏதென்ஸ் நகரம் தியாகோரஸின் தலைக்கு விலையே வைத்தது.

இதை நினைத்துக்கொண்டு நிற்கையில் ஓர் அம்மா, "தம்பி, நீங்கள் உயரம், இதைக் கொஞ்சம் மேல கட்டி விடுங்கோ" என்று ஒரு தொட்டிலைத் தந்தார். மகளுக்காம். கட்டினேன். முடிச்சு சரியில்லையென்று அவரே எட்டி அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

உண்மையில் நான் வந்தது அந்தக் கடலடியைப் பார்க்கத்தான். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், கல்லில் ஒரு பங்கு கோட்டைக்கும் ஒரு பங்கு கடலுக்கும் போனது. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இங்கே சுழியோடியபோது அந்தத் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கிளார்க் கடைசிவரை நம்பிக்கையற்றவர். 2008இல் கொழும்பில் இறந்தபோது, எந்த மதச் சடங்கும் வேண்டாமென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். வில்சனோ பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார்! ஒரே கடலில் குதித்த இரண்டு பேர். அந்த ஓட்டோக்காரருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், நல்ல பதில் எப்போதும் இறங்கின பிறகுதான் வருகிறது.

செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், மறந்தே போனேன். திரும்பும்போது நடந்தேன், காசு மிச்சம். அதைக் கொண்டுபோய்க் கடற்கரைப் பக்கச் சின்னக் கடையொன்றில் பிட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டேன். 900 ரூபாய். மிளகு தூக்கலாக, பஞ்சு மாதிரி வெந்த கணவாய். கறி இன்னும் வேணுமோ என்று கேட்டு இரண்டாம் தரம் ஊற்றினார் கடைக்கார அக்கா, அதற்குக் காசும் எடுக்கவில்லை. திருகோணமலையை நான் மன்னித்த இடம் அதுதான்.

இப்போது கையில் 640 ரூபாய். திரும்பும் பஸ் காலை 5 மணிக்கு. இருக்கை கிடைக்க வேண்டுமென்று நேர்ந்துகொள்ள எனக்கு ஆளில்லை, நாலேகாலுக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும்.