செந்தூரில் அப்பா கொடுக்கும் ரிப்போர்ட்

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. குரும்பூர் ஸ்டேஷனில் அப்பா, அம்மா, நான், ஒன்பது வயது மகன் என நாலு பேர் நின்றிருந்தோம். வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அப்பாவோடு கிளம்பினால் எப்போதுமே அப்படித்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருஷம் இருந்து, சுபேதாராக ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் வேட்டியை அவரேதான் தேய்த்துக்கொள்வார்.

அடுத்து ஆறுமுகநேரி, காயல்பட்டினம், அப்புறம் திருச்செந்தூர். உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் வந்துவிடும். ஆனால் இந்தக் குரும்பூர் பிளாட்பாரத்தில் எங்களுக்கு ஒரு பழைய கதை உண்டு.

1998. எனக்கு எட்டு வயது. தம்பி பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பா அதுவரை அவனைப் பார்த்ததில்லை. லீவு கிடைத்துவிட்டது, இன்ன தேதி காலை வண்டியில் வருகிறேன் என்று இன்லேண்ட் லெட்டர் வந்திருந்தது. அம்மா தம்பிக்கு மைப்பொட்டு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். தாத்தா மாட்டு வண்டிக்குச் சொல்லியிருந்தார். வண்டி வந்து நின்றது. கருப்பு டிரங்குப் பெட்டியோடு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் தலையைத் தொட்டார். இடது கையில் வெள்ளைத் துணிக் கட்டு. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "செந்தூர் போயிட்டு சாயங்காலம் வந்திருதேன்" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. நான் பிளாட்பாரம் முடிகிறவரை ஓடினேன்.

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "பெத்த பிள்ளையைக் கையில வாங்காம அப்படி என்ன சாமி" என்று ஆச்சியிடம் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரணம் அம்மாவுக்கே பிறகுதான் தெரிந்தது. எனக்கு இந்தப் பயணத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. கேட்டது என் மகன்.

"தாத்தா, இந்த விரலெல்லாம் எங்க போச்சு?"

அப்பாவின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுவிடும். நாங்கள் பார்த்துப் பழகிவிட்டதால் கேட்டதே இல்லை. அப்பா கையை விரித்துக் காட்டினார். "சியாச்சின்ல பனி தின்னுட்டுப் போச்சுய்யா."

இமயமலைப் பனியாற்றில், 18,000 அடிக்கு மேலே ஒரு காவல் போஸ்ட். இருக்கிற காற்று மூச்சுக்குப் பத்தாது. ஆரஞ்சுப் பழம் கல்லாக உறைந்துபோகும். மண்ணெண்ணெய் அடுப்பின் கரி மூக்குக்குள் படிந்து, துப்பினால் கருப்பாக வரும். பனிப்பிளவு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒருவரோடு ஒருவர் கயிறு கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்பாவின் கயிற்றில் அடுத்த ஆள் பாலக்காட்டுக்காரர். ஒரே கூடாரம், ஒரே அடுப்பு.

அம்மா அப்போது செந்தூர் இலை விபூதியைக் கவரில் வைத்து அனுப்புவாள். இன்லேண்டுக்குள் எதுவும் வைக்கக் கூடாதாம், அதனால் கவர். பெயர், நம்பர், யூனிட், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம். அவ்வளவுதான் விலாசம். அந்தத் தாள் இமயமலையில் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வந்த விபூதியை இரண்டு பேரும் பங்கிட்டுப் பூசிக்கொள்வார்களாம். பாலக்காட்டுக்காரர் பழனிக்கு வருஷம் தவறாமல் போகிறவர், செந்தூரைப் பார்த்ததில்லை. "கீழே இறங்கியதும் ரெண்டு பேருக்கும் லீவு. வீட்டுக்குப் போகும் முன்னால் உங்க ஊர் முருகனைப் பார்த்துட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

சியாச்சின் அடிவார முகாமில் ஓ.பி. பாபா கோயில் ஒன்று இருக்கிறது. ஓம் பிரகாஷ் என்ற வீரர் தன்னந்தனியாக எதிரியைத் தடுத்து நின்றதாக ராணுவத்தில் நம்புகிறார்கள். பனிமலைக்கு ஏறுகிற எல்லாரும் அவர் முன்னால் நின்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கியதும் வந்துவிட்டோம் என்று மறுபடி ரிப்போர்ட். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் என்று வித்தியாசம் கிடையாது.

விரல் கருத்துப்போன அப்பாவை சீட்டா ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள். பத்தாவது நாள் அந்த போஸ்ட் பக்கம் பனிச்சரிவு.

"பாபா முன்னால ரெண்டு பேரா நின்னுட்டுப் போனோம். திரும்பி வந்து நான் மட்டும் நின்னேன்" என்றார் அப்பா. மகன் அவர் விரலைப் பிடித்தபடி பேசாமல் இருந்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி காயல்பட்டினம் தாண்டியிருந்தது.

திருச்செந்தூரில் இறங்கியதும் ராஜகோபுரம் தெரிந்தது. ஒன்பது நிலை, 137 அடி. 2025 ஜூலை 7-ஆம் தேதி குடமுழுக்கு நடந்த பொலிவு இன்னும் மங்கவில்லை. கடலில் முழுகிவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போனோம். அத்தனை உப்புக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருப்பதை ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். சூரனோடு போர் செய்த படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் உண்டாக்கிய ஊற்று என்பது ஐதீகம். அப்பாவுக்கு இந்தக் கதைமேல் தனிப் பிரியம். "கமாண்டர்னா இப்படி இருக்கணும். முதல்ல ஜவானுக்குத் தண்ணி" என்று பேரனிடம் சொன்னார்.

அம்மாவுக்கு மூட்டு வலி. மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். அப்பா அவள் கையைத் தன் முழங்கைக்குள் கோத்துக்கொண்டு, அவள் அடிக்குத் தன் அடியைச் சுருக்கிக்கொண்டார். ஊருக்குள் அவர் வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. வருஷத்தில் இரண்டு மாதம் மட்டுமே வீட்டில் இருந்த மனுஷர், ஓய்வுபெற்ற நாளிலிருந்து அம்மாவைத் தனியாக ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட அனுப்பியதில்லை.

சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். கூட்டம் நெருக்கியது. யாரோ "வெற்றிவேல் முருகனுக்கு" என்றதும் "அரோகரா" என்று அப்பா குரல் கொடுத்தார், முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமான வெல்லிங்டனில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று போர் முழக்கம் முழங்கிப் பழகிய தொண்டை அது.

சந்நிதியில் சுப்பிரமணியர் நிற்கிற கோலத்தை நின்று பார்க்க வேண்டும். சூரசம்ஹாரம் நடந்த தலம். போர் முடித்த சேனாபதி வெற்றிக் களிப்பில் நிற்கவில்லை. ஒரு கையில் பூ, ஒரு கையில் ஜெபமாலை. சிவபூஜை செய்துகொண்டிருக்கிறார். கருவறைக்குப் பின்னால் பஞ்சலிங்கம் இருக்கிறது. இத்தனை வருஷம் வந்தும் நான் வேலையும் மயிலையும் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்தத் தடவை அந்த ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது.

செந்தூர்க் கோயிலில் பூஜைப் பணி செய்யும் திரிசுதந்திரர் ஒருவர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். அப்பா மூன்று பெயர்களைச் சொன்னார். சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வருகிற பெயர்கள். "பாலக்காட்டுச் சொந்தம்" என்று அம்மா சொல்வாள், நானும் தூரத்து உறவு என்றே நினைத்திருந்தேன். ஒரு அம்மா, ஒரு மகன், ரேவதி நட்சத்திரத்தில் ஒரு மகள். அதற்குப் பிறகுதான் அம்மா பெயர், என் பெயர், தம்பி பெயர், பேரன் பெயர். தன் பெயரை அப்பா இன்றைக்கும் சொல்லவில்லை. "அவருக்குப் பூரட்டாதி" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

தீபாராதனை முடிகிறவரை அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து கல்திண்டில் உட்கார்ந்தோம். அப்பா வாங்கிவந்த இலை விபூதியைப் பிரித்தார். பன்னீர் இலை, காய்ந்து நீளவாக்கில் சுருண்டு, உள்ளே விபூதி. இலையின் 12 நரம்பும் முருகனின் 12 கை என்பார்கள். ஒன்றைப் பிரித்து எங்கள் எல்லாருக்கும் பூசிவிட்டார். இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்த கவருக்குள் உடையாமல் மெதுவாகச் செருகினார். விரல் குறைந்த இடது கையால் கவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விலாசம் எழுதினார். வீட்டுப் பெயர், தெரு, பாலக்காடு, பின்கோடு. ஒரு எழுத்துக்கூட யோசிக்கவில்லை.

அம்மா நாழிக்கிணற்றுத் தண்ணீர் இருந்த பாட்டிலைத் திறந்து, விரலில் தொட்டு ஸ்டாம்பின் பின்பக்கம் தடவிக் கொடுத்தாள். மகன் அதை ஒட்டினான். சந்நிதித் தெருவில் தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட அப்பா எழுந்தார்.